மிச்சமான சேர்

"நல்ல ஆராய்ச்சி தம்பி. இந்த ட்ரிப்பையெல்லாம் நிறுத்திடலாம்"னு போக்குவரத்துச் செயலாளர் சொன்னாரு பாருங்க, அங்கதான் குணாளனுக்கு எல்லாமே சறுக்குச்சு.

இத்தனைக்கும் மூணு வருஷமா அவன் வேண்டிக்கிட்டதே இதைத்தான். அரசியல் அறிவியல்ல பிஎச்.டி. பண்ற பையன் எழுதுறதை எந்த அரசாங்கம் படிக்குது? இங்க படிச்சுட்டாங்க! காத்து வாங்கிட்டு ஓடுற டவுன் பஸ் ட்ரிப்பை எல்லாம் மாநிலம் முழுக்க நிறுத்தணும்னு எழுதியிருந்தான். சரின்னுட்டாங்க.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. 'நிறுத்தினா யாருக்கும் பாதிப்பு இல்லை'ன்னு ஒரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. மாசக் கடைசிக்குள்ள. அதை வெச்சுத்தான் ஆர்டர் போடணும்."

குணாளனுக்கு இங்கதான் சிக்கல். பஸ்ல எத்தனை சீட் காலின்னு கேளுங்க, தூக்கத்துல கூட சொல்லுவான். பாதிப்பு? அது அவனுக்குத் தெரியாதே!

நேரா யுனிவர்சிட்டிக்கு வந்து, கைடு ரோஸ்லின் மேடம் ரூம்ல போய் நின்னான்.

"மேடம், அந்த வரியை எழுதலாமா?"

மேடம் பேப்பர் திருத்திட்டிருந்தாங்க. நிமிரவே இல்ல.

"ஸ்காலர்ஸ் ரூம்ல எத்தனை சேர் இருக்கு?"

"ஏழு மேடம்."

"உன் கணக்குப்படி எது மிச்சம்?"

எதுக்குக் கேக்குறாங்கன்னு புரியல. ஆனா பதில் சட்டுனு வந்துருச்சு. "தேனக்கா சேர் மேடம். சனிக்கிழமை மட்டும்தான் வருவாங்க. மத்த நாளெல்லாம் காலிதான்."

"தூக்கிட்டு வந்து இங்க போடு."

போட்டான். திருத்தின பேப்பரை எல்லாம் மேடம் அது மேல அடுக்கிட்டாங்க. அவ்வளவுதான். இது ஒரு பதிலான்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டே வெளிய வந்தான்.

சனிக்கிழமை வந்துச்சு. அன்னைக்குத்தான் ரூம் ஃபுல்லா இருக்கும். தேன்மொழி, அதாவது எல்லாருக்கும் தேனக்கா, மூச்சு வாங்கிக்கிட்டே உள்ள வந்தாங்க.

"டேய், என் சேர் எங்கடா?"

"மேடம் ரூம்லக்கா. அது... மத்த நாள்ல சும்மாத்தானே கிடக்கு?"

"ஓஹோ! செகரட்டேரியட் போயிட்டு வந்ததும் முதல் ஆர்டரே எனக்குத்தானா?" அக்கா சிரிச்சுட்டாங்க. "இந்த ஒரு நாளுக்காக மாமியார்கிட்ட பாப்பாவை விட்டுட்டு வர்றதுக்குள்ள நான் படுற பாடு இருக்கே!"

குணாளன் எந்திரிச்சான். "என் சேர்ல உக்காருங்கக்கா."

"நீ உக்காருடா பெரிய ஆபீசரே. அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுக்கணும் நீ."

ஜன்னல் திட்டுல உக்காந்து, மடியில லேப்டாப்பை வெச்சுப் பார்த்தாங்க. நடுவுல அதே ரூம் ஸ்காலர் ஜான்சன் வேற. புள்ளியியல்னாலே அவனுக்கு உதறும். வாராவாரம் அக்காகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் தீசிஸை ஓட்டிட்டிருக்கான். அவனுக்கும் கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுத்தாங்க. மத்தியானமே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க.

"வீட்லயே பாத்துக்கறேன்டா."

அடுத்த சனிக்கிழமை அக்கா வரல. குணாளன் போன் போட்டான். "பாப்பாவுக்கு சளிடா"ன்னாங்க. அதுக்கடுத்த வாரமும் வரல. ஜான்சன் ரெண்டு சனிக்கிழமையும் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். அப்புறம் அவனும் வர்றதை நிறுத்திட்டான்.

மாசக் கடைசி. ரோஸ்லின் மேடம் ஸ்காலர்ஸ் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க.

"குணா, சேர் பத்தலைன்னு யாராவது புகார் பண்ணாங்களா?"

"இல்ல மேடம்."

"தேன்மொழி?"

"புகார்னு ஒரு வார்த்தை சொல்லல மேடம்."

"இப்ப யாராவது உக்கார இடமில்லாம நிக்கிறாங்களா?"

அவன் ரூமைச் சுத்திப் பார்த்தான். "இல்ல மேடம்."

"அப்புறம் என்ன? யாருக்கும் பாதிப்பு இல்லைன்னு எழுதிடு."

குணாளன் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஜன்னல் ஓரமா ஒரு சேர் தூசி படிஞ்சு கிடந்துச்சு. மேடமும் அதைப் பார்த்துட்டாங்க.

"அது யாரோடது?"

"ஜான்சனோடது மேடம். தேனக்கா வராததால... அவனும் இப்ப வர்றதில்ல."

"சரி. அப்ப அதுவும் மிச்சம். தூக்கிட்டு வா."

குணாளன் போய் அந்தச் சேர் முதுகுல கையை வெச்சான். தூக்கல. பாக்கெட்ல போன் அடிச்சுது. செயலாளர் ஆபீஸ். அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவன் கை சேர்லயேதான் இருந்துச்சு.

ஆமா, உங்க இடத்துலயும் இப்படி ஒரு சேர் காணாமப் போயிருக்கா?