இண்டர்காமில் இங்கிலீஷ்

வளசரவாக்கத்தில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடி. அங்கே வாசல் காவல் தணிகாசலம். யார் வந்தாலும் இண்டர்காமில் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் உள்ளே விடுவார். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்ததில் மலையாளம், மேலே இந்தி. ஒன்பது வருஷத்தில் எல்லாவற்றிலும் நாலு வார்த்தை பழகிக்கொண்டிருந்தார்.

செகரட்டரி நரசிம்மலுவுக்கு அது கௌரவக் குறைச்சல். ஒருநாள் குடியிருப்பவர்கள் பத்து பேர் நடுவில் அவரை நிறுத்திச் சொன்னார்.

"இங்க எல்லார் வீட்டுலயும் இங்கிலீஷ்தான்யா. இனிமே போன்ல இங்கிலீஷ்ல பேசு. முடியலைன்னா ஒண்ணாம் தேதி வேற ஆள் வருவான்."

நாலாம் வகுப்போடு நின்றவர், ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போய்ப் படிப்பது? வேறு வேலைதான் யார் தருவார்கள்? தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டார்.

"கத்துக்கிறேன் சார். ஒரு தடவை நீங்களே பேசிக் காட்டுங்க. உங்க வீட்டுக்கே போடுங்க, மத்தவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

பகல் பதினோரு மணிக்கு எந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்பது காவல்காரனுக்குத் தெரியாதா? தணிகாசலமே அந்த வீட்டு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

விருந்தாளி வந்திருப்பதாகச் செகரட்டரி இங்கிலீஷில் சொன்னார். மறுமுனையில் "ஆ?" என்றது ஒரு குரல். இன்னும் உரக்கச் சொன்னார்.

எடுத்தது அவருடைய அம்மா. தெலுங்கில் பேசினாள். "யாருப்பா நீ? எனக்கு ஒண்ணும் புரியல. என் பிள்ளையும் வீட்டுல இல்ல. தணிகாசலத்துகிட்ட குடு, அவன் புரியும்படி சொல்லுவான்."

யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் வீடுகளிலும் அம்மாக்கள் இருந்தார்கள். செகரட்டரி ரிசீவரை நீட்டினார்.

ஒன்றாம் தேதி வேறு ஆள் வரவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்பும் வரவில்லை. தணிகாசலம் அதை மறக்கவும் இல்லை.