நூறு எலுமிச்சம்பழ வைத்தியம்

பொன்னிமலை அரண்மனையில் சஞ்சீவிநாதர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். சாதாரண வைத்தியரா அவர்! ஆளைப் பார்க்க வேண்டாம், நாடி பிடிக்க வேண்டாம். யாராவது வந்து நாலு வார்த்தை சொன்னால் போதும், "அவனுக்குப் பித்து" என்று ஓலையில் எழுதி முத்திரை குத்திவிடுவார். கடல் தாண்டிப் போன வணிகனைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. முத்திரை விழுந்தால் மொட்டை அடித்து, தலையில் நூறு எலுமிச்சம்பழம் தேய்த்து, சங்கிலியில் கட்டிவிடுவார்கள்.

ஒருநாள் ஏரிக் காவலன் இருளப்பன் மாட்டிக்கொண்டான். அவன் கரையில் குப்புறப் படுத்து மண்ணில் காதை வைத்துக்கொண்டு கிடக்கிறானாம். யாரோ சொன்னார்கள், வைத்தியர் எழுதிவிட்டார்.

அவன் மனைவி அலறியடித்துக்கொண்டு அரசவையின் சாதுரியக்காரரான அம்பலக்கூத்தரிடம் ஓடினாள்.

"ஐயா, நாளைக்கு எம் புருசனைச் சங்கிலியில போடப்போறாங்க. நீங்கதான் காப்பாத்தணும்!"

"அழாதே தாயி. அந்த வைத்தியர் வாயாலேயே விடுவிக்கிறேன்."

மறுநாள் சபை கூடியது. அம்பலக்கூத்தர் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்.

"வைத்தியரே, எனக்குத் தெரிந்த ஒருவர். பாவம், சோறு வைத்தால் முதலில் இன்னொருவனைத் தின்னச் சொல்லி, அவன் சாகிறானா என்று உற்றுப் பார்க்கிறார்."

"அடடா!"

"நடந்தால் முன்னால் ஒருவன் அவர் பெயரைக் கத்திக்கொண்டே போக வேண்டும். தினமும் யானையோடு பேசுகிறார். கண்ணுக்கெட்டிய மலையெல்லாம் தன்னுடையதாம்."

"முற்றிய பித்து! நேரில் பார்க்கவே வேண்டாம்!" வைத்தியர் ஓலையை எடுத்தார், எழுதினார், முத்திரையும் குத்தினார். "இன்றைக்கே மொட்டை! நூறு எலுமிச்சம்பழம்! யார் அந்த ஆள்?"

அரசர் உணவை முதலில் தின்று பார்க்கும் ஆள் தலையைக் குனிந்துகொண்டான். அரசர் பெயரைக் கூவிக்கொண்டு முன்னால் போகும் கட்டியங்காரன் தொண்டையைக் கனைத்தான்.

அரசர் சிங்கத்தேவர் மெல்லத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "வைத்தியரே, மொட்டை எனக்கா?"

வைத்தியருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, மகாராஜா! தாங்கள் என்று தெரியாதே! ஆளைப் பார்க்காமல், ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்காமல் எப்படிச் சொல்ல முடியும்? அந்த ஓலை செல்லாது!"

"அப்படியானால் இருளப்பன் ஓலை?" என்றார் அம்பலக்கூத்தர்.

"அதுவும்... செல்லாது" என்று முனகினார் வைத்தியர். அரசர் இருளப்பனை வரவழைத்துக் கேட்டார். "ஏனப்பா கரையில் காதை வைத்துப் படுக்கிறாய்?"

"உள்ள தண்ணி கசியுற சத்தம் கேக்குது சாமி. கெழக்குக் கரை அரிச்சுக்கிட்டிருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேக்கலியே!"

அரசர் உடனே கரையை அடைக்க ஆளனுப்பினார். இருளப்பனுக்குப் பட்டுத்துண்டு போர்த்தினார். பிறகு கூடையைப் பார்த்து மீசையை முறுக்கினார்.

"கூத்தரே, இந்தப் பழங்களை நம் வைத்தியர் தலையிலேயே தேய்த்துவிடலாமா?"

"கூடாது மகாராஜா!" என்று பதறினார் அம்பலக்கூத்தர். "அவர் நாடியை இன்னும் யாருமே பிடித்துப் பார்க்கவில்லையே!"

அரசர் சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்து, எலுமிச்சம்பழம் சபையெங்கும் உருண்டது.