புற்று வீட்டுப் பிள்ளை

எல்லாக் காளானுக்கும் காளான் என்ற ஒரே பேர்தான் இருந்த அந்தக் காலத்தில், கறையானும் பேசும், காளானும் பேசும்.

சடைச்சி வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் மூன்று. இடி இடித்து ஓய்ந்த காலையில் கரட்டு மேட்டோரம் போனவள், கறையான் புற்றின்மேல் வெள்ளைவெளேரென்று காளான் கூட்டம் நிற்கக் கண்டாள். கை நீண்டது, பாதியில் நின்றது. போன வாரம் இதே வெள்ளையில், இதே குடையில் எருக்குழியோரம் நின்ற காளானைப் பறித்துத் தின்ற கொழுந்தன் இன்னும் எழுந்து உட்காரவில்லை. அதுதானா இது? வேறா? எவ்வளவு பார்த்தாலும் பிடிபடவில்லை. காளானிடமே கேட்டாள்.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

"தெரியலையே தாயி. இடி இடிச்சுது, எந்திரிச்சேன். அதுக்கு முன்னாடி இருந்தேனான்னே தெரியலை."

"உன்னைத் தின்னா என்ன ஆகும்?"

"தின்னு பார்த்துச் சொல்லேன். எனக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

நல்ல ஆளைக் கேட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஊரில் பேர் தெரியாத ஆள் வந்தால், அவன் வீடுவரை கூடப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவார்கள். அந்தப் பழக்கத்தில், காளானைப் பறிக்காமல் தண்டைப் பிடித்தபடி மண்ணைத் தோண்டிக்கொண்டே போனாள். முழங்கைவரை போயும் அடி வரவில்லை. கடைசியில் பொலபொலவென்று கூரை உடைந்தது. உள்ளே பஞ்சுபோல ஒரு மெத்தை, சுற்றிலும் கறையான்கள்.

"வீடு பார்க்க வந்தவ கூரையைப் பிரிச்சா வருவா?" என்றது காவல் கறையான்.

அவள் கொழுந்தன் கதையைச் சொன்னதும் அது தணிந்தது. சருகை மென்று மெத்தை போட்டு இந்தக் காளானை வளர்ப்பதே தாங்கள்தானாம். இதைத் தின்றுதான் தங்கள் குஞ்சுகள் வளர்கின்றனவாம்.

காளானுக்குத் தலை சுற்றியது. "வளர்க்கிறவங்களே தின்னா, நான் பிள்ளையா, சோறா?"

சடைச்சி அதன் குடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "யாராச்சும் கேட்டா புற்று வீடுன்னு சொல்லு," என்றாள். "இப்போதைக்கு அது போதும்."

உடைத்த கூரையை மூடச் சொன்னது கறையான். புற்று வீட்டுக்கென்று ஒரு காளானை விடவும் சொன்னது. ஈரமண்ணால் பூசிவிட்டு, தன்னோடு பேசிய ஒன்றை விட்டு, மற்றதை மடியில் கட்டிக்கொண்டு போனாள். ஆக்கிய பிறகும் மனம் ஒப்பவில்லை. முதலில் தான் தின்று, பொழுது சாயும்வரை காத்திருந்து, பிறகே பிள்ளைகளுக்குப் போட்டாள்.

புற்றுக்காளான் என்ற பேர் அன்று வந்ததுதான். பறிப்பவர்கள் குழியை மூடி, ஒன்றை விட்டு வருவதும் அன்றிலிருந்துதான். விட்ட அந்த ஒன்று, பேர் கிடைத்த பிறகும், தான் பிள்ளையா சோறா என்று விளங்காமல் குடையைக் கவிழ்த்தபடி நிற்கிறது.