பதினேழு ஊரும் ஒரே கல்லும்

பேராயர் ஞானாபரணம் ஓய்வுபெறும் முன் கல்வெட்டுக்காரர் தவசிமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார்.

"என் முப்பது வருஷ ஊழியமும் ஒன்றுவிடாமல் ஒரே கல்லில் வரணும்வே. எழுத்தும் பெரிசா இருக்கணும். முடியாதுன்னா இனி சபை வேலை எதுவும் உமக்குக் கிடையாது."

"தாராளமா முடியும் ஐயா. எங்க ஊர் கள்ளிவிளைக்கு வந்து நீங்களே திறந்து வைங்க."

ஞாயிற்றுக்கிழமை பேராயர் வந்தார். கள்ளிவிளைக் கோயில் வெறும் ஓலைக் கொட்டகை. மேலே ஒழுகிய மழையில் சிவப்பு அங்கி நனைய நனையப் பிரசங்கம் செய்தார். மழை விட்டதும் வெளியே வந்து கல்லின் திரையை இழுத்தார்.

'இந்த ஆலயத்தின் அஸ்திபாரக் கல் பேராயர் ஞானாபரணம் அவர்களால் நாட்டப்பட்டது.'

பதினொரு வருஷத்துக்கு முன் அவரே நாட்டிய கல். ஊரார் ஆடு கட்டிவந்த அந்தக் கல்லைத் தவசிமுத்து தேய்த்துக் கழுவியிருந்தார், அவ்வளவுதான்.

"என்னவே இது? பழைய கல்லு!"

"ஐயா கல் நாட்டின பதினேழு ஊருக்கும் போய்ப் பார்த்தேன். எல்லா ஊரிலும் இதே எழுத்துதான். அதுக்கு மேலே ஒரு சுவர்கூட எழும்பல. புதுசா வெட்ட எனக்கு என்ன இருக்கு?"

சபையில் நாலு பேர் இருமினார்கள். சிரிப்பை அடக்குகிற இருமல்.

தவசிமுத்து பணிவாகக் கொத்துக்கரண்டியை நீட்டினார். சாந்தும் சுவர் எழுப்பக் கற்களும் தயாராக இருந்தன. வேறு வழியில்லாமல் பேராயர் குனிந்து அஸ்திபாரக் கல்லின் மேல் இரண்டாவது கல்லை வைத்தார்.

"இதில் என்ன எழுதட்டும் ஐயா?"

"சும்மா இரும்வே! அடுத்த கல்லை எடும்."