போயிட்டு வாரேன் என்று சொன்ன கெண்டை

அந்தக் காலத்தில், மீன்களுக்கும் ஆறுகளுக்கும் பேச்சு இருந்தபோது, பொருநை ஆற்றில் பேச்சிமுத்து என்றொரு கெண்டை இருந்தான். விரல் நீளம்கூட இல்லை. அவனுக்கு வைகை ஆற்றுக் கெண்டை பஞ்சவர்ணத்தைப் பேசி முடித்திருந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளையாக அவன்தான் வர வேண்டும் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஐப்பசி அடைமழையில் இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலிருந்த மேடெல்லாம் முங்கி, எங்கும் ஒரே தண்ணீராகிவிட்டது. மூன்று நாளில் வடிந்துவிடும். அதற்குள் போய்ச் சேர்ந்தால் கல்யாணம், இல்லையென்றால் அவ்வளவுதான்.

பேச்சிமுத்துவுக்குக் கால் இருந்திருந்தால் அன்றைக்குத் தரையில் பாவியிருக்காது. கிளம்பும் அவசரத்தில் வாய்ப் பழக்கமாக ஒன்று சொன்னான்.

"ஆத்தா, போயிட்டு வாரேன்."

"சரிப்பா, வா," என்றாள் பொருநை.

ஆற்றிடம் சொன்ன சொல் அப்போதெல்லாம் சொன்னதுதான். வைகையை எட்டப் போகும் நேரத்தில் யாரோ அவன் முதுகுத் துடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். முக்கி முக்கி நீந்தினான். துடுப்பு நூல் நூலாக நீண்டதே தவிர அவன் நகரவில்லை.

"என்ன ஆத்தா இது?"

"நீதானப்பா வாரேன்னு சொன்னே. நான் நம்பிட்டேன்லா."

தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. எதிரே பஞ்சவர்ணம் காத்திருந்தாள். பேச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது. நடந்ததைச் சொன்னான்.

"அழாதீங்க. நானே அங்கிட்டு வர்றேன்."

"நீயும் வீட்டுல சொல்லிட்டுத்தான வந்திருப்பே? உன்னையும் இழுக்குமே."

"கல்யாண விருந்துக்குப் பாசியா புழுவான்னு காலையிலதான் எங்க அம்மாவோட சண்டை. கோவத்துல, 'போறேன்'னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்."

வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அவள் இந்தப் பக்கம் வந்தாள். ஒன்றும் இழுக்கவில்லை. பொருநை இருவரையும் அள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். விருந்தில் பாசியும் இருந்தது, புழுவும் இருந்தது. அங்கே வைகையில் அவள் அம்மாதான் அந்த ஒற்றைச் சொல்லை நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

அந்த வம்சத்து நூல்கெண்டைக்குப் பொருநையை விட்டால் வேறு ஆறு கிடையாது. ஆண் கெண்டையின் முதுகில் மட்டும் இன்றைக்கும் நூல் தொங்குகிறது. அன்று முதல்தான், வாசல் தாண்டுகிறவர்கள் வெறுமனே "போறேன்" என்று சொன்னால், வீட்டிலிருக்கும் அம்மா ஓடிவந்து, "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்கிறாள்.