யூதாஸ் நாற்காலிக்கு ஆள் தேவை

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று விடிந்ததிலிருந்து சின்னச் சாமிக்கு வயிறு சரியில்லை. காபியை வாயருகே கொண்டுபோனார், குடிக்காமலே கீழே வைத்தார்.

சின்னச் சாமி என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. சலேத் அடிகளார் வங்கி வேலையை விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிக் குருவானவர் ஆனவர். அந்தக் கடற்கரைக் கோயில் பங்குக்கு உதவியாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பங்குத்தந்தை இஞ்ஞாசி அடிகளார் பெரிய சாமி. எது வந்தாலும் சின்னச் சாமி ஓடிப்போய் அவரைத்தான் கேட்பார். அவரோ எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்ன ஆள் இல்லை. சின்னச் சாமியின் வயிற்றுக் கோளாறில் பாதி அவரால் வந்தது.

அன்றைய கோளாறு ஒரு நாற்காலியால் வந்தது.

பெரிய வியாழன் மாலைப் பூசையில், ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவிய மாதிரி, சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்த ஊர்க்காரர்களுக்கு அது போதாது. பன்னிரண்டு மர நாற்காலி போட்டு, ஒவ்வொன்றின் சாய்மானத்திலும் ஒரு அப்போஸ்தலர் பெயரைச் சாக்கட்டியால் எழுதிவிடுவார்கள். தலைமைச் சீடர் பேதுருவின் நாற்காலி படகுச் சங்கத் தலைவர் மச்சாதுக்கு. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் ஊர் ரெண்டுபடும். மத்தேயு நாற்காலி, அவரைப் போலவே பஞ்சாயத்தில் வரி வசூலிக்கிறவருக்கு. எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று இழுக்கிற கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகப் பேர்வழி தோமா. யோவான் நாற்காலிக்கு வருஷா வருஷம் அடிதடி, ஆண்டவரின் செல்லப்பிள்ளை அல்லவா.

முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நாற்காலிக்குத்தான் ஆள் கிடையாது. ஒருமுறை அதில் உட்கார்ந்தவர் அடுத்த நாள் கடைக்குப் போனால், "என்ன வே, வெள்ளிக்காசா தரப்போறீரு?" என்பார்கள். அடுத்த பெரிய வியாழன் வரை அந்தப் பேச்சு ஓயாது. போன வருஷம் விஷயம் தெரியாத ஒரு வெளியூர் மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மனைவியை அழைத்துக்கொண்டு போனவர்தான், இன்னும் மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

இந்த வருஷம் ஆள் பிடிக்கிற பொறுப்பு சின்னச் சாமிக்கு வந்தது.

காலையில் கோயில் முற்றத்தில் நின்றபோது பொன்சியான் வந்தார். ஊரே அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்றுதான் சொல்லும். பல வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்ப் படகுகளை யாரோ கொளுத்திவிட்டார்கள். யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டில் போய்ச் சொன்னது பொன்சியான் ஒருவர்தான். நாலு பேர் ஜெயிலுக்குப் போனார்கள், அதில் மச்சாதின் தம்பியும் ஒருவன். அன்றிலிருந்து பொன்சியான் வெளியூர்க் கோயிலில்தான் பூசை பார்த்தார். இந்தத் தவக்காலத்தில்தான் திரும்பி வந்து, கடைசித் தூண் பக்கத்தில் நிற்க ஆரம்பித்திருந்தார்.

"சாமி, பாதம் கழுவுறதுக்கு எனக்கு ஒரு எடம் கெடைக்குமா?"

"ஏன், வெளியூர்ல..."

"அங்க முட்டிபோட்டா யார் வீட்லயோ விருந்தாளியா இருக்கற மாதிரி இருக்கு சாமி. எங்க அப்பன் ஆத்தாளுக்கு இங்கதான் அடக்கப் பூசை வச்சது."

"பாக்கலாம்" என்றார் சின்னச் சாமி.

பொன்சியான் போனதும் மச்சாது வந்தார். எப்படியோ சேதி அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. கூடவே இன்னும் சில அப்போஸ்தலர்களும் வந்திருந்தார்கள்.

"பாத்தீங்களா சாமி, ஆண்டவர் கைவிட மாட்டார். நாற்காலிக்குத் தகுந்த ஆளு தானா வந்து மாட்டிக்கிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னச் சாமி சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு பெரிய சாமியிடம் போனார்.

பெரிய சாமி தூபக்காலில் ஒட்டியிருந்த சாம்பலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, பதினோரு பேர் போதும்னு சொல்லிடலாமா? பன்னிரண்டுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே."

"ஆண்டவருக்கே பதினொண்ணு போதலியேப்பா."

"யூதாஸை அழிச்சிட்டு மத்தியாஸ்னு எழுதினா? யூதாஸுக்குப் பதிலா வந்தவர்தானே."

"மத்தியாஸ் வந்தது ஆண்டவர் மோட்சத்துக்குப் போன அப்புறம். இன்னைக்கு வியாழக்கிழமைதான். அவசரப்படாதே."

"அப்ப நானே உக்காந்துடறேன் சாமி."

"நீ உக்காந்தா துண்டு யார் பிடிப்பா?"

சின்னச் சாமிக்கு அழுகை வராத குறை. பொன்சியான் வந்து கேட்டதைச் சொன்னார். மச்சாது சொன்னதையும் சொன்னார்.

"அவரை அதுல உக்கார வச்சா, ஊரே சிரிக்கும். அதோட அவர் இந்தப் பக்கம் வரமாட்டார். வேண்டாம்னு அனுப்பினா, நானே கதவைச் சாத்தின மாதிரி ஆயிடும். ரெண்டுல எதைச் செய்யட்டும்? சாயந்தரம் பூசை சாமி. இப்பவே மணி பன்னிரண்டு."

பெரிய சாமி தூபக்காலைத் திருப்பிப் பார்த்தார். "உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்னு ஆண்டவர் சொன்னதும் சீடருங்க என்ன கேட்டாங்க?"

"'ஆண்டவரே, நானோ?'ன்னு கேட்டாங்க."

"பக்கத்துல இருந்தவனைக் கை காட்டுனவன் எவனாவது உண்டா?"

"இல்ல சாமி."

"சாயந்தரம் பொன்சியானை வரச்சொல்லு. கோயில் சாவியைக் குடுத்துட்டுப் போ. ரசம் சோறாவது கொஞ்சம் சாப்பிடு."

கேட்ட கேள்வி அப்படியே இருந்தது. சின்னச் சாமி பொன்சியானுக்குச் சொல்லி அனுப்பினார். சாப்பிடத்தான் முடியவில்லை. மத்தியானம் முழுக்கப் பெரிய சாமி உள்ளே இருக்க, கோயில் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவர் வெளியே வேப்பமரத்தடியில் நடந்துகொண்டே இருந்தார். பொன்சியான் அழுதுகொண்டு வெளியே போவது போலவும், தான் துண்டோடு பார்த்துக்கொண்டு நிற்பது போலவும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

மாலைப் பூசை தொடங்கியது. பிரசங்கம் முடிந்ததும், பீடத்தின் முன்னால் நாற்காலிகளை மறைத்திருந்த திரையை விலக்கினார்கள். பன்னிரண்டு பேரும் முன்னால் வந்தார்கள். பொன்சியான் கடைசியில், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தார்.

மச்சாது முதல் நாற்காலிக்குப் போனார். உட்காரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சாய்மானத்தில் யூதாஸ் என்று எழுதியிருந்தது.

அடுத்ததைப் பார்த்தார். அதிலும் யூதாஸ். வாத்தியார் தன் நாற்காலியைப் பார்த்தார், வரி வசூலிக்கிறவர் தன்னுடையதைப் பார்த்தார். பன்னிரண்டிலும் அதே பெயர்தான், பெரிய சாமியின் கோணல் கையெழுத்தில்.

பின்வரிசைக்காரர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். எல்லாரும் கிளம்பிப் போய்விடுவார்கள், மேலதிகாரியான மேற்றிராணியாருக்கு மனு போகும், தான் வந்த நேரம்தான் சரியில்லை என்பார்கள் என்று சின்னச் சாமிக்குள் வரிசையாக ஓடியது.

மச்சாது பெரிய சாமியின் பக்கம் குனிந்தார். "சாமி, பேரைத் தப்பா எழுதிப்புட்டாங்க."

"அப்படியா? எந்த நாற்காலில தப்பு இருக்குன்னு சொல்லுங்க. அதை மட்டும் அழிச்சிடறேன்."

மச்சாது வாயைத் திறந்தார். அவர் கண் பொன்சியான் பக்கம் போயிற்று, அங்கேயிருந்து வாத்தியார் பக்கம் வந்தது, பிறகு தன் காலைப் பார்த்தது.

பொன்சியான் தன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு அதே பெயர்தான், பழகிப்போன பெயர். பெரிய சாமி முட்டிபோட்டு, அவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, முத்தமிட்டார். பிறகு எழுந்திருக்காமல் அங்கேயே முட்டிபோட்டபடி இருந்தார். அவருக்கு மூட்டு வலி உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

வாத்தியார்தான் அடுத்து உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் "அப்படியா?" என்று கேட்கவில்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் மச்சாதும் உட்கார்ந்தார், அதுவும் முதல் நாற்காலியில்தான். யூதாஸ் என்று ஆனாலும் முதல் இடத்தை விட அவருக்கு மனசு வரவில்லை. பாதத்தில் தண்ணீர் விழுந்தபோது அவர் தோள் குலுங்கியதைச் சின்னச் சாமி மட்டும் பார்த்தார்.

பூசை முடிந்தது. நற்கருணை அப்பத்தைத் தனிப்பீடத்துக்குக் கொண்டுபோன பிறகு, பெரிய பீடத்தை வெறுமையாக்குகிற வேலை. விளக்குகளையும் விரிப்புகளையும் எடுத்துவிட வேண்டும். சனங்கள் எல்லாம் தனிப்பீடத்தின் முன்னால் செபத்தில் இருந்தார்கள். இரண்டு சாமிமாரும் துணிகளை மடித்தார்கள்.

சின்னச் சாமியால் அடக்க முடியவில்லை. "காலையில அவங்க பொன்சியானைச் சொல்லிச் சிரிச்சப்ப, நான் வாயே தொறக்கல சாமி. எல்லாரும் ஒரு பக்கமா இருந்தாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

பெரிய சாமி மெழுகுதிரித் தண்டை எடுத்து ஓரமாக வைத்தார். "அந்தத் துணி மட்டும் பாக்கி. எடு."

பூசை வைக்கிற குருவானவர் உட்காரும் நாற்காலியைக் காட்டினார். மத்தியானத்திலிருந்தே அதன் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. சின்னச் சாமி துணியை உருவினார். சாய்மானத்தில் சாக்கட்டி எழுத்து லேசாகக் கலைந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

"சாமி, இது உங்க நாற்காலி."

"அதுலதான் முதல்ல எழுதுனேன் சலேத்து. அப்புறம்தான் மத்ததுல எழுதக் கை வந்துச்சு."