உடைந்த நான்கு கைகள்

ஊருக்கு மோட்டார் கார் புதிது. சென்னை வேப்பேரியில் பணக்காரர்களுக்கு மட்டும் கார் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே சோதனைக் கொட்டகைக்குத் தலைவர் தேவசகாயம். வயது முப்பத்தொன்று. அவருடைய சீடர் வேதாசல ஆசாரிக்கோ ஐம்பத்தாறு. சாரட்டு வண்டி செய்தே முப்பது வருஷம் ஓட்டியவர், லேசில் யாரையும் வாத்தியார் என்று கூப்பிட மாட்டார். இவரைக் கூப்பிட்டார்.

ஆசாரி ஓர் இரும்புக் கை செய்திருந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புவது அதுதான். சித்திரை வெயிலுக்கு ஒரு ஜமீன் குடும்பம் அந்தக் காரில் குன்னூர் மலை ஏறுவதாக ஏற்பாடு. வளைவில் கை உடைந்தால் குடும்பமே பள்ளத்தில்தான்.

குலுக்கிச் சோதிக்கும் மெஷினில் நான்கு கைகள் வரிசையாக உடைந்தன. ஐந்தாவதை இன்னும் தடிமனாக அடித்தார். அது உடையவில்லை. ஆசாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"வாத்தியாரே, ஆறு நாளாச்சு. உடையாம நிக்குது. கார்ல மாட்டிடலாமா?"

"உடைஞ்ச நாலும் எங்கே?"

"அது எதுக்கு? அசிங்கம்னு உலையில போட்டு ஆணியா அடிச்சுட்டேன்."

"முதல்ல செஞ்ச மாதிரியே இன்னொண்ணு செய்யுங்க."

"உடையும்னு தெரிஞ்சே செய்யவா?"

"ஆமா. உடைஞ்சதும் துடைக்காம கொண்டு வாங்க."

ஆசாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் செய்தார். பழைய அளவுக் கை மூன்று நாள் ஓடி, நான்காம் நாள் காலையில் உடைந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு எடுத்துவந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். உடைந்த இடத்தில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு.

"இதென்ன வாத்தியாரே, ஒரே உடைப்புல ரெண்டு நிறம்?"

"பளபளன்னு இருக்கிறது இன்னிக்கு உடைஞ்சது. கறுப்பு, முன்னாடியே விரிசல் விட்டு எண்ணெய் இறங்கினது."

"எங்கிட்ட சொல்லாமயா?"

ஆசாரி அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. கறுப்பு ஒரு மூலையிலிருந்து கிளம்பியிருந்தது. அவரே அரம் போட்டுக் கூராக எடுத்த மூலை. அந்தக் கூர்மையில் அவருக்கு ரொம்பப் பெருமை.

பக்கத்து மெஷினில் தடிமனான கை இன்னும் உடையாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அதுலயும் இதே மூலைதான் வெச்சிருக்கேன்," என்றார் மெல்ல. "ஆனா அது இப்போ நல்லாத்தானே இருக்கு?"

தேவசகாயம் அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"இதுவும் மூணு நாள் நல்லாத்தான் இருந்துச்சு."